வாய்க்கால் மேட்டுக்கு ஒரு சைக்கிள்

கடைப் பையன் ஒரு டயரை மேசைமேல் சாய்த்துப் பிடித்து, அதற்குள் வெள்ளைத் திரவம் ஒன்றை ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மோனியா கலந்த ரப்பர் பால் நெடி. ஏசி போட்ட கடையென்பதால் வெளியே போக வழியில்லாமல் அது உள்ளேயே சுற்றியது. கோவையின் அந்தச் சைக்கிள் கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெருந்துறைக்காரர் ஒருவர் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு வாங்கினார்.

அவர் சிறுவயதில் பழகிய நெடி இதுவல்ல. அது சொலூஷன் நெடி. சென்னிமலையில் தகரக் கொட்டகை போட்ட பஞ்சர் கடை ஒன்று இருந்தது. கழற்றிய டியூபை அலுமினிய வட்டிலில் இருக்கும் தண்ணீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. அதைச் சுற்றி அரத்தால் தேய்த்து, சொலூஷனை விரலால் தடவி, வாயால் ஊதிக் காய வைத்து, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் நாலு தட்டு. காற்றடித்த பிறகு வால்வின் மேல் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார் கடைக்காரர். எச்சில் பொங்கினால், "வால்டியூப் போச்சுங்க, மாத்திரலாமுங்களா?" என்று கேட்பார். மாற்றாமல் எங்கே போவது? அந்தக் கடையில் காத்திருந்த நேரத்தில்தான் தினத்தந்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதாக இவர் சொல்வதுண்டு. வீட்டில் பத்திரிகை வாங்கும் வழக்கம் இல்லை.

சைக்கிள் அப்பாவுடையது. கறுப்பு ஹெர்குலிஸ், 24 இன்ச் ஃப்ரேம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் சென்னை அம்பத்தூர் தொழிற்சாலைச் சரக்கு. அரசு ஊழியர்களுக்குச் சைக்கிள் வாங்க முன்பணம் கொடுத்து, மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அப்போது இருந்தது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்த அப்பா அப்படித்தான் வாங்கினார். சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று ஹேண்டில் பாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகுதான் யாரையும் தொடவிட்டார்கள்.

லஸ்கர் என்றால் வாய்க்கால் காவல்காரர். கீழ்பவானி வாய்க்காலில் தனக்கு ஒதுக்கிய மைல்களில் மதகு திறப்பதும் அடைப்பதும், கேஜ் பார்த்துத் தண்ணீர் அளவு சொல்வதும், கரையில் எலி வளை, நண்டு வளை வழியாகக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. வளையைக் கவனிக்காமல் விட்டால் கசிவு உடைப்பாகிவிடும். பாரில் மண்வெட்டியைக் கட்டி, ஹேண்டிலில் தூக்குப் போசியை மாட்டிக்கொண்டு விடியலில் கிளம்புவார். வாய்க்கால் மேட்டுப் பாதையில் தார் கிடையாது. செம்மண், கிராவல் மண், இடையிடையே சுண்ணாம்புக்கல் துருத்தல். மழை பெய்தால் களி.

பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955-இல். அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தண்ணீர் இல்லை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறக்கும் முதல் போகத்துக்குப் பாதி நிலம், தை மாதத்தை ஒட்டி மறுபாதி. ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. பெண் கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளை வீட்டுக் காடு எந்த மதகில் பாய்கிறது என்று விசாரித்த காலம் அது.

இந்த வாய்க்காலின் இன்னொரு குணத்தை இவர் சைக்கிள் வாங்கக் கிளம்பிய பிறகுதான் யோசித்துப் பார்த்தார். தண்ணீர் தானாக ஓட வேண்டும், மேட்டில் ஏற முடியாது. அதனால் நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வளைந்து வளைந்து வெட்டியிருக்கிறார்கள். கரையில் போகிறவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அப்பா கியர் இல்லாத சைக்கிளில் ஒரு வேலைக்காலம் முழுவதும் ஓட்டித் தீர்த்ததற்கு அவருடைய கால் வலு மட்டும் காரணமல்ல. வாய்க்கால் வெட்டிய பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு.

24 இன்ச் சைக்கிளில் ஏறிப் பழகுவது சிறுவனுக்கு லேசில்லை. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் வலது காலை விட்டு, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துக் குரங்கு பெடல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்பாவின் சைக்கிளைத் தொட அனுமதி ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் துடைத்து எண்ணெய் போட்ட பிறகு. மற்ற நாளில் வாடகைச் சைக்கிள். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார், பையன்கள் சின்னச் சைக்கிளுக்கு அடித்துக்கொள்வார்கள். மணி பார்க்கக் கையில் கடிகாரம் இல்லாததால், கடைப்பக்கம் அடிக்கடி வந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது வழக்கம். அப்படிப் பார்ப்பதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும்.

சைக்கிளுக்கு அப்போது பஞ்சாயத்தில் லைசன்ஸ் எடுத்துத் தகர வில்லையை மாட்ட வேண்டியிருந்தது. இருட்டில் டைனமோ எரியாமல் போனாலோ, டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். வால்டியூபைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவதும் உண்டு. இன்று ஹெல்மெட் போடாமல் போகிறவர்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்புவதைப் பார்க்கும்போது இவருக்கு அந்த டைனமோக் காலம் நினைவு வரும்.

பிறகு மொபெட் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, வங்கிக் கடனில் கார் வந்தது. பெருந்துறையை ஒட்டிப் போகிற சேலம்–கொச்சி நெடுஞ்சாலை அகன்றது. 47 என்றிருந்த எண் 544 ஆயிற்று. சென்னிமலைத் தறிக்காரர்கள் பாவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவது குறைந்து, டிவிஎஸ் மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார்கள். ஹெர்குலிஸ் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து நின்றது.

ஓய்வு பெற்றதும் இவருக்கு மறுபடி சைக்கிள் ஆசை வந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் அல்ல. நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரி உரசிப் போகிற இடத்தில் சைக்கிள் ஓட்டுவதற்கு வேறு மனம் வேண்டும். வீட்டிலிருந்து கிராமத்துத் தார் ரோடு, அதிலிருந்து வாய்க்கால் மேடு, அங்கிருந்து காட்டுத் தடம், திரும்ப ஏதாவது ஒரு ஊரில் டீ, பிறகு தார் ரோட்டிலேயே வீடு. இதுதான் அவர் மனதில் இருந்த வழி. மெல்லிய டயர் போட்ட நண்பரின் ரேஸ் சைக்கிளை வாங்கி ஓட்டிப் பார்த்தார். தார் ரோட்டில் பறந்தது. வாய்க்கால் மேட்டில் ஏறியதும் 25 மில்லிமீட்டர் டயர் கிராவலில் புதைந்து இழுத்தது, கல்லில் ஏறினால் பல் அதிர்ந்தது. உறவுக்காரப் பையனின் மலைச் சைக்கிளையும் பார்த்தார். முன்பக்கம் ஸ்பிரிங், தடித்த முள் டயர், பார்க்க எடுப்பு. விலை மலிந்த சைக்கிள்களில் வருகிற அந்த ஸ்பிரிங் ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். பெடலை மிதிக்கிற வலுவில் ஒரு பகுதியை அது குதித்தே தின்றுவிடுகிறது. தார் ரோட்டில் டயர் உறுமுகிறது. மேட்டுக்கு இதமானது ரோட்டுக்கு ஆகவில்லை, ரோட்டுக்கு இதமானது மேட்டுக்கு ஆகவில்லை. பெங்களூரிலிருந்து மகள்தான் போனில் சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு ரோடு, மண் ரெண்டுலயும் ஓட்டற கிராவல் சைக்கிள்தாங்க செட் ஆகும். கோயமுத்தூர்ல போய்ப் பாருங்க."

கோவைக் கடைப் பையனுக்குக் கிராவல் சைக்கிளின் சரித்திரம் முழுக்கத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு சிறு நகரம், அதைச் சுற்றி ஃப்ளின்ட் ஹில்ஸ் என்ற புல்மேடுகள். பண்ணைகளுக்குப் போகிற ரோடெல்லாம் தீக்கல் சில்லு. டயரைக் கத்தி வைத்தது போலக் கிழிக்கிற கல் அது. அங்கே 2006-இல் 200 மைல் போட்டி ஒன்று தொடங்கினார்கள். இப்போது அன்பவுண்ட் கிராவல் என்று பெயர். 322 கிலோமீட்டர் என்றதும் இவர் மனக்கணக்குப் போட்டார். பவானிசாகரில் கிளம்பி வாய்க்காலின் கடைசி வரை போய், திரும்ப வரும் வழியில் பாதியையும் தாண்ட வேண்டும், அதுவும் ஒரே மூச்சில். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் இந்த வகைக்கென்றே தனியாக கியர், பிரேக் தொகுதி கொண்டுவந்தது 2019-இல். 2022-இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. ஆனால் மண் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. இங்கிலாந்தில் ரோடில்லாத குன்றுப் பாதைகளில் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் போகிறவர்கள் 1955-லேயே சங்கம் வைத்திருந்தார்கள். அதே ஆண்டில்தான் பவானிசாகர் அணையும் முடிந்தது. சங்கம் வைக்கத் தெரியாத லஸ்கர்கள் சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்தார்கள்.

"டயர் எத்தனை அகலமுங்க தம்பி?"

"இதுல நாப்பது சார். நாப்பத்தஞ்சு வரைக்கும் போடலாம்."

40 மில்லிமீட்டர். அப்பாவின் சைக்கிள் டயரில் 28 x 1½ என்று புடைப்பெழுத்தில் இருந்தது இவருக்கு நினைவிருக்கிறது. பையன் கைப்பேசியில் அட்டவணையைத் தேடி எடுத்தான். அந்த டயருக்கு இன்றைய முறையில் எண் 40-635. முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கிராவல் சைக்கிளில் அது 40-622. அகலம் அதே நாற்பது, விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால் ஊரில் கிடைக்கிற பழைய டயர் இதற்குச் சேராது, ஆபத்துக்குக்கூட உதவாது. வெளியூர் போகும்போது ஒரு டியூபாவது கையில் இருக்க வேண்டும் என்று பையன் சொன்னதை இவர் சீட்டில் குறித்துக்கொண்டார்.

அகலம் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் கதை வேறு. அப்பா காலத்தில் கட்டை விரலால் அமுக்கினால் அசையக் கூடாது, அதுதான் சரியான காற்று. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயருக்கு இன்றும் 80, 90 பவுண்டு அழுத்தம் வேண்டும். 40 மில்லிமீட்டர் டயருக்கு, ஆளின் எடையைப் பொறுத்து, 35 முதல் 40 பவுண்டு போதும். கல்லில் ஏறும்போது சக்கரம் துள்ளாமல் டயர் கொஞ்சம் அமுங்கிக் கல்லை விழுங்கிக்கொள்கிறது. துள்ளினால்தான் வேகம் வீணாகும், கையும் வலிக்கும். டியூபோடு இவ்வளவு குறைவாகக் காற்று வைத்தால், கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். ஆகவேதான் டியூபே இல்லாத டயர். அந்த வெள்ளைத் திரவத்தின் வேலையும் இதில்தான். முள் குத்தினால் காற்று வெளியேறும் வழியில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வாய்க்கால் மேட்டுக்கு வேறு எதையும்விட இது முக்கியம் என்பது இவர் கட்சி. கொங்கு நாட்டுத் தடங்களில் கல்லைவிட முள்தான் எதிரி. வெள்வேல முள் ஒரு விரல் நீளம், சீமைக் கருவேல முள் அதைவிட மோசம், நெருஞ்சியோ கண்ணுக்கே தெரியாது. ஆடு மேய்க்கிறவர்கள் கொத்து வெட்டிப் போட்ட இடத்தில் டியூப் டயரில் போகிறவர் தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். ஒரு சங்கடம் உண்டு. நம் வெயிலுக்கு அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடும். மறக்காமல் ஊற்ற வேண்டும். கைக்கு அடக்கமான புட்டி ஒன்றை அன்றே வாங்கிக்கொண்டார்.

கியர் விஷயத்தில் பையனுக்கும் இவருக்கும் நீண்ட விவாதம். முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள வகை, முன்னால் இரண்டு உள்ள வகை என்று இரண்டு. ஒற்றையில் முன்னால் 40 பல், பின்னால் 11 முதல் 42 வரை. பெரிய பல்சக்கரத்தில் போட்டால் பெடலை ஒருமுறை சுற்றுவதற்குள் சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும், சின்னதில் போட்டால் 8 மீட்டர். இரட்டையில் 46, 30 பல். பின்னால் 11 முதல் 34. அதில் 1.9 மீட்டரிலிருந்து 9.2 மீட்டர் வரை போகலாம், ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளியும் குறைவு. வாய்க்கால் மேட்டில் இதெல்லாம் தேவையே இல்லை. ஆனால் சென்னிமலை மலைப்பாதை இருக்கிறதே! பேருந்து முதல் கியரில் முனகி ஏறுகிற அந்த வளைவுகளில் சைக்கிளோடு இறங்கித் தள்ள இவருக்கு மனமில்லை.

மலைகூடச் சில கிலோமீட்டர்தான். ஆடிக் காற்று அப்படியல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கே முகம் பார்த்துப் போகிறவனைப் பிடித்து நிறுத்திவிடும். அந்தக் காற்றில் அப்பா ஹேண்டில் பார்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு மிதித்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். வேட்டி பின்னால் பாய்மரமாக விரியும். கிராவல் சைக்கிளின் ஹேண்டில் பார் ரேஸ் சைக்கிளில் இருப்பது போலக் கீழே வளைகிறது, ஆனால் நுனிகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன. வளைவைப் பிடித்தால் உடம்பு தாழ்ந்து காற்றுக்கு ஒதுங்கும். விரிந்திருப்பதால் கரடான இறக்கத்தில் பிடி நழுவாது. காற்றில் கியருக்குக் கியர் இடைவெளி குறைவாக இருப்பதுதான் காலுக்கு நல்லது, ஆகவே இரட்டை என்றார் இவர். முன்பக்கம் இரண்டு வைத்தால் செயின் மாற்றுகிற கருவி ஒன்று கூடும், களியில் அடைத்துக்கொள்ளும், ஆகவே ஒற்றை என்றான் பையன். கடைசியில் இவர் பக்கமே முடிந்தது. காசு கொடுப்பவர் இவர்தானே.

பிரேக்கில் விவாதமே இல்லை. ஹெர்குலிஸில் கம்பி பிரேக். லீவரை அழுத்தினால் கம்பிகள் இழுத்து, ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் போய்த் தொடும். குரோமியம் பூசிய ரிம் மழையில் நனைந்துவிட்டால் தொடுவதோடு சரி. மழைநாளில் அப்பா செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். வலது செருப்பு எப்போதும் முதலில் தேயும். கிராவல் சைக்கிளில் டிஸ்க் பிரேக். அதிலும் இரண்டு தினுசு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது ஒரு விரலில் நிற்கும், ஆனால் பழுதானால் கோவைக்குத்தான் கொண்டுவர வேண்டும். கேபிளில் இயங்குவதற்குக் கொஞ்சம் கைவலு வேண்டும், ஆனால் கேபிள் அறுந்தால் பெருந்துறையிலேயே மாற்றலாம். இவர் கேபிள் பிரேக்கைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து ஊர்க்காரன் கைக்கு அடங்காத பொருளை வாங்கி வைத்துக்கொண்டு முழிப்பானேன் என்பது விவசாயக் குடும்பத்துப் புத்தி.

ஃப்ரேமுக்குக் கார்பன் என்று தொடங்கினான் பையன். விலையைக் கேட்டதும் இவர் பேச்சை மாற்றினார். இரும்பிலும் கிடைக்கிறது, அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்ளும் என்பார்கள். கடையில் இருந்தது அலுமினியம். பத்து, பதினோரு கிலோ. இருபது கிலோ ஹெர்குலிஸைக் கிணற்று மேட்டில் தூக்கி ஏற்றியவருக்கு அதுவே பஞ்சு. அளவு பார்ப்பதுதான் ஒரு பெரிய சடங்காக இருந்தது. அந்தக் காலத்தில் குடும்பத்தின் உயரமான ஆளுக்கு ஏற்றதாக ஒன்று வாங்கினால் மற்றவர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இங்கே காலின் உள்நீளத்தை அளந்தான், கை நீளத்தை அளந்தான். ஹேண்டில் எவ்வளவு உயரம், சீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மில்லிமீட்டரில் எழுதினான். முதுகு வளையாத வயதில் ஹேண்டில் உயர்ந்த ஃப்ரேம்தான் நல்லது, சறுக்கலான தடத்தில் சக்கரங்களுக்கிடையே தூரம் கூடுதலாக இருப்பது நல்லது. இந்த இரண்டும் ரேஸ் சைக்கிளைவிடக் கிராவல் சைக்கிளில் கூடுதல்.

"ஸ்டாண்டு எங்கீங்க?"

"ஸ்டாண்டு வராதுங்க சார்."

"பெல்லு?"

"தனியா வாங்கணுங்க."

"மட்கார்டு, கேரியர்?"

"திருகாணிக்கு ஓட்டை குடுத்திருக்காங்க. வேணுங்கிறத மாட்டிக்கலாம். பெடலும் தனிதாங்க சார்."

பெடல் இல்லாமல் ஒரு சைக்கிளை விற்கலாம் என்பது இவருக்கு விளங்கவே இல்லை. எல்லாவற்றையும் மாட்டச் சொன்னார். பின்சக்கரத்துக்கு மேலே கேரியரைப் பார்த்துப் பையனுக்கு மனசு ஆறவில்லை. சைக்கிளின் அழகே போய்விட்டது என்று முணுமுணுத்தான்.

வீட்டில் மஞ்சளும் குங்குமமும் தயாராக இருந்தன. எலுமிச்சம்பழமும். வீட்டுக்காரம்மா ஆரத்தி எடுத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, செயின் கவர் இல்லீங்களே? வேட்டியெல்லாம் கறையாகுமே, ஆரு தொவைக்கறது?"

தொண்ணூறை நெருங்கும் அப்பாவைத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குக் காது மந்தம், கண் இன்னும் நன்றாகத் தெரியும். கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து, முன் டயரைக் கட்டை விரலால் அமுக்கினார்.

"காத்துக் கம்மியா இருக்குது. பம்பு இல்லையா கண்ணு?"

அவ்வளவுதான் வைக்க வேண்டும் என்று இவர் சத்தம் போட்டு விளக்கினார். டியூப் இல்லை, முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அப்பா நம்பிய மாதிரி தெரியவில்லை. பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். நின்றது. திரும்பப் பிடிக்கச் சொல்லி, திரும்பத் தள்ளினார். அதில் மட்டும் அவருக்குத் திருப்தி. மண்வெட்டி கட்ட பாரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வாய்க்கால் மேட்டில் இப்போது எதுவரை போகலாம் என்று கேட்டார். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்ட இடம், போடாத இடம், போட வேண்டாமென்று விவசாயிகள் மறித்து நின்ற இடம் என்று பேச்சு அரை மணி நேரம் அங்கேயே ஓடியது. தான் பார்த்த மதகுகளின் எண்ணை அப்பா ஒன்று விடாமல் சொன்னார்.

பிறகு விலையைக் கேட்டார். இவர் பாதியாகக் குறைத்துச் சொன்னார்.

"அந்தக் காசுக்குக் கன்னுக்குட்டியோட ஒரு எருமையே வாங்கிருக்கலாமே" என்றார் அப்பா. அதற்குப் பிறகு, ராத்திரி அதை வெளியில் விடாதே, வீட்டுக்குள் ஏற்றிப் பூட்டு என்றார்.